கரும்பித்தம் முதல் கார்ட்டிசால் வரை

துயரத்தை உடலுக்குள் தேடும் முயற்சி மிகப் பழையது. ‘மெலங்கொலியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கரும்பித்தம் என்பதே நேர்ப்பொருள். உடலில் உள்ள நான்கு நீர்மங்களுள் கரும்பித்தம் மிகும்போது அச்சமும் துயரமும் மனிதனைப் பற்றுகின்றன என்று ஹிப்போகிராட்டஸ் மரபு மருத்துவர்கள் கருதினர். பித்து, பித்தன் ஆகிய சொற்களுக்கும் பித்தத்திற்கும் உள்ள உறவை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் அந்தக் கரும்பித்தம் எல்லோருக்கும் ஒரே தகுதியைத் தரவில்லை. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிராப்ளமாட்டா’ என்ற வினாத்தொகுதியின் முப்பதாம் பகுதி, தத்துவத்திலும் அரசியலிலும் கவிதையிலும் கலையிலும் சிறந்த ஆடவர் பலர் கரும்பித்த இயல்பினராக இருப்பது ஏன் என்று வினவுகிறது. 15ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரத்து மார்சிலியோ ஃபிச்சினோ அதை அறிஞர்களின் அடையாளமாகவே உயர்த்தினார். பெண்ணின் துயரமோ பெரும்பாலும் கருப்பையோடு பிணைக்கப்பட்டது. ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல் பிறந்ததே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான். ஒரே துயரம் ஆணிடம் மேதைமையாகவும் பெண்ணிடம் உறுப்புக் கோளாறாகவும் வாசிக்கப்பட்டது.

இந்த வாசிப்புகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் நடுநிலையான சாட்சி ஒன்று 20ஆம் நூற்றாண்டில் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அது இரத்தம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெர்னார்ட் கரோல் என்ற மனநல மருத்துவர், கடும் மனச்சோர்வு உடையோரிடம் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் கட்டுப்பாடு குலைந்திருப்பதை 1968இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, 1981இல் அதை ஒரு முறையான சோதனையாக வகுத்தளித்தார். இரவில் டெக்ஸாமெத்தசோன் ஒரு மில்லிகிராம். மறுநாள் மாலையிலும் இரவிலும் இரத்தப் பரிசோதனை. நலமுள்ள உடலில் இந்த மருந்து, கார்ட்டிசால் போதும் என்று மூளைக்கு அறிவித்துச் சுரப்பை அடக்கிவிடும். மனச்சோர்வு உடையோர் பலரிடம் அந்த அடக்கம் நிலைப்பதில்லை. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற எல்லையைக் கார்ட்டிசால் தாண்டினால், அது தீவிர வகை மனச்சோர்வின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 438 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், நோயுள்ளோரில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினரைச் சோதனை இனங்கண்டது; நோயற்றோரைத் தவறாகச் சுட்டியது மிக அரிது. மனநல மருத்துவத்திற்கும் ஓர் ஆய்வகச் சோதனை கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவியது.

இச்சோதனையைச் செய்யக்கூடாத நிலைமைகளின் பட்டியல் நம் கவனத்திற்குரியது. அதில் கர்ப்பமும், ஈஸ்ட்ரோஜனை அதிக அளவில் உட்கொள்ளுதலும் இடம்பெற்றன. காரணம் உண்மையானதே. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கார்ட்டிசாலைப் பற்றிச் சுமக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரலில் பெருகச் செய்கிறது. ஆகவே இரத்தத்தில் அளக்கப்படும் மொத்தக் கார்ட்டிசால் உயர்ந்து தோன்றும்; மனச்சோர்வே இல்லாத பெண்ணுக்கும் நோய் உண்டெனச் சோதனை சொல்லிவிடலாம். 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை அனுமதி பெற்றபின் அதை இலட்சக்கணக்கான பெண்கள் உட்கொண்டு வந்தனர் என்பதை நினைத்தால், இந்தச் சிறு குறிப்பின் எடை விளங்கும். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு கண்டறியப்படும் நோய். அதற்கென வந்த சோதனையிலேயே பெண்ணுடலின் இயல்பான நிலைமைகள் இடையூறுகளாக எண்ணப்பட்டன.

முதுமறதி, குடிப்பழக்கம், எடைக்குறைவு ஆகியவற்றிலும் சோதனை தடுமாறியது. 1987இல் அமெரிக்க மனநலச் சங்கத்தின் குழு அதன் பயன் வரம்புக்குட்பட்டதே என்று கூற, வழக்கமான சோதனை என்ற தகுதியை அது இழந்தது.

பெண்ணுடலை இடையூறாகக் கருதும் போக்கு இந்த ஒரு சோதனையோடு நிற்கவில்லை. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டியது. 1993இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. ஆய்வக விலங்குகளின் கதையும் அதுவே. 2011இல் பியரியும் ஸக்கரும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நரம்பியல் ஆய்வுகளில் பெண் விலங்குகளை மட்டும் கொண்ட ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண் விலங்குகளை மட்டும் கொண்ட ஆய்வுகள் ஐந்துக்கு மேல் இருந்தன. பெண் விலங்கின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

இதன் மறுபக்கத்தைச் சுவீடனின் காட்லாந்து தீவில் காண்கிறோம். 1983-84இல் அத்தீவின் பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டறியச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. தற்கொலைகள் குறைந்தன. பின்னர் கணக்கை ஆராய்ந்த வொல்ஃப்காங் ருட்ஸும் உடனாய்வாளரும், குறைந்தவை பெரிதும் பெண்களின் தற்கொலைகளே என்று கண்டனர். ஆண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருந்தது. சினம், குடி, முரட்டுத்தனம் ஆகியவற்றின் பின்னே ஒளிந்திருந்த ஆணின் சோர்வு, அழுகையையும் சோகத்தையும் தேடிய வினாக்களுக்குள் அகப்படவில்லை. ருட்ஸ் ஆண்களுக்கெனத் தனி வினாப்பட்டியல் வகுத்தது இதன் விளைவு.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஓர் இரத்தச் சோதனை சரியா என்று அறிய, அதன் முடிவை மருத்துவரின் நேர்காணல் முடிவோடு ஒப்பிடுகிறோம். நேர்காணல் ஆண்களைத் தவறவிட்டால், அதைப் பார்த்துப் பயின்ற சோதனையும் அவர்களைத் தவறவிடும். ஆய்வகம் புதிய சாட்சியைக் கொண்டுவரவில்லை. பழைய சாட்சியின் சொல்லையே எண்ணாக எழுதித் தருகிறது.

2017இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் லபோன்டேயும் நெஸ்ட்லரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை மேலும் இறுக்கியது. மனச்சோர்வோடு வாழ்ந்து மறைந்தோரின் மூளையில் ஆறு பகுதிகளை ஆராய்ந்தபோது, மாற்றம் கண்ட மரபணுச் செயல்பாடுகளில் இருபாலருக்கும் பொதுவானவை மிகச் சிலவே எனத் தெரிந்தது. ஒரே பெயரால் நாம் அழைக்கும் நோய், உடலளவில் இருபாலரிடமும் வெவ்வேறு வழிகளில் நிகழலாம். அப்படியாயின் இருவருக்கும் ஒரே எல்லைக்கோடு போடுவது எவ்வாறு பொருந்தும்?

மனச்சோர்வு நோயறிதல் இன்றும் உரையாடலையே நம்பி நிற்கிறது. சோதனை ஒன்று இனி வருமானால் அது எத்தனை பேரைச் சரியாகக் கண்டது என்பதோடு, யாருடைய உடலை இயல்பென்று கொண்டு அளந்தது என்பதையும் கேட்க வேண்டும். கருப்பையைக் குற்றம் சாட்டிய மருத்துவரும் தம் காலத்து அறிவியலையே பேசினார். தம் துயரம் நம்பப்படாத பெண்களும், தம் துயரத்துக்குப் பெயரே கிடைக்காமல் மாண்ட ஆண்களும் அதற்கு விலை கொடுத்தவர்கள்.