கல்லில் பேர் பெற்ற நாய்

மகேந்திரவர்ம பல்லவன் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடைவரைக் கோயில், அஞ்சு மார்க், அவ்வளவுதான். அதனால் நம் பேட்ச் நண்பர்களோடு சனிக்கிழமைகளில் தண்டராம்பட்டுப் பக்கப் பள்ளிகளுக்குப் போகும்போது எடத்தனூர் நடுகல்லின் படத்தைத்தான் முதலில் காட்டுவேன். அவனுடைய 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காத்துச் செத்தவன் கருந்தேவக்கத்தி. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய் கோவிவன். இரண்டு பேரையும் வட்டெழுத்தில் வெட்டி, நாயையும் செதுக்கி வைத்தார்கள். (ராஜாவுக்குக்கூட அதில் உருவம் கிடையாது!)

1972-இல் தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலில் இப்படிப் பல உண்டு. கொல்லையில் கிடக்கிற எல்லாக் கல்லும் நூலில் ஏறிவிடுமா? பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

“சார், எங்க கொல்லையில வில்லு புடிச்ச கல்லு ஒண்ணு இருக்கு. வேடியப்பன்னு பொங்கல் வெக்கிறோம். எழுத்துகூட இருக்கு சார்!” என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்.

அடுத்த வகுப்பு அங்கேதான். வர விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது.