ஏழு கடல்
உலகின் நீர்ப்பரப்பை ஏழாகப் பகுத்துச் சொல்லும் பழைய வழக்கு. புராணங்கள் ஏழு தீவுகளைச் சூழ உப்பு, கரும்புச்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்களை வளையம் வளையமாக அடுக்குகின்றன. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராடச் சிவன் எழுகடலையும் மதுரைக்கே அழைத்ததாகத் திருவிளையாடற்புராணம் கூறும். மீனாட்சியம்மன் கோயிலருகே எழுகடல் தெரு இன்றும் உண்டு. இவ்வழக்கில் ஏழு என்பது எண்ணிக் கண்ட தொகையன்று, முழுமையைச் சுட்டும் எண்.

புராணத்தை ஒதுக்கிவிட்டு அளந்தால் சரியான தொகை கிடைத்துவிடும் என்று வாதிடலாம். கொழும்புக் கரையிலேயே அவ்வாதம் தடுமாறுகிறது. கிருலப்பனைக் கால்வாய்நீர் வெள்ளவத்தையில் சேரும் கடலை ஊரார் இந்து சமுத்திரம் என்பர். சர்வதேச நீர்வரைவியல் பணியகத்தின் 1953ஆம் ஆண்டு எல்லைப் பட்டியலோ, தெற்கே தேவேந்திரமுனை வரை அதை இலட்சத்தீவுக் கடல் என்கிறது; முனையைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் வங்காள விரிகுடா. அப்பட்டியலில் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென்சமுத்திரம் தனியாக இல்லை. நேஷனல் ஜியோகிரபிக் சங்கம் 2021இல் அதை ஐந்தாம் சமுத்திரமாக ஏற்றுக்கொண்டது. அதனால் எல்லைக்கோடுகள் வீண் என்றாகாது. மாலுமிகளுக்கான வழிகாட்டி நூல்களைத் தொகுக்க அவை வேண்டும். ஆனால் நீர் ஒன்றே. அதை எத்தனையாகப் பகுப்பது என்பதைப் பகுப்போரின் தேவையே தீர்மானிக்கிறது.