ஃபிலிம் கோர்ஸ்: கேமரா கத்துக்கிட்டா போதுமா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

2024 மே மாதம் நடந்த கான் திரைப்பட விழாவில், உலகம் முழுவதும் உள்ள திரைப்படக் கல்லூரி மாணவர்கள் போட்டியிடும் 'லா சினெஃப்' பிரிவின் முதல் பரிசை ஒரு கன்னடக் குறும்படம் வென்றது. படத்தின் பெயர் 'சன்ஃப்ளவர்ஸ் வேர் தி ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ'. ஓடும் நேரம் 16 நிமிடம். பரிசுத் தொகை 15,000 யூரோ. இயக்கியவர் சிதானந்த நாயக், மருத்துவம் படித்துவிட்டு புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவர்.

அந்தப் படம் ஓராண்டு டிவி படிப்பின் இறுதியில் மாணவர்கள் செய்ய வேண்டிய ஒரு பயிற்சி. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு ஆகிய பிரிவுகளில் இருந்து ஒருவர் வீதம் நான்கு பேர் சேர்ந்து செய்தது. ஷூட்டிங்குக்குக் கிடைத்தது 4 நாள்.

"எல்லாம்தான் யூடியூபிலேயே இருக்கே, எதுக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டணும்?" என்று பல வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கேமராவை இயக்குவதை வீடியோ பார்த்தே கற்கலாம். கெடு தேதி, கூட வேலை செய்யும் டீம், எடுத்ததைப் பார்த்து முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் ஆட்கள் ஆகிய மூன்றும் வீடியோவில் கிடைக்காது. நல்ல கோர்ஸ் என்பது இந்த மூன்றையும் தருவது. என்னென்ன சொல்லித் தருகிறார்கள், எதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பேப்பர் வேலை

"ஆக்‌ஷன், கட் சொல்லணும்" என்ற ஆசையோடு வருபவர்களுக்கு முதல் சில வாரங்கள் சப்பென்று இருக்கும். கையில் கேமராவுக்குப் பதில் பேப்பர்தான் இருக்கும். ஒன்லைன், திரைக்கதை, அதன்பிறகு 'பிரேக்டவுன்'. ஒவ்வொரு சீனிலும் யார் வருகிறார்கள், எந்த இடம், பகலா இரவா, என்ன உடை, என்ன பொருள் வேண்டும் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுவதுதான் பிரேக்டவுன்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது சினிமாவில் பொதுவான கணக்கு. அதை வைத்து எத்தனை நாள் ஷூட்டிங், எவ்வளவு செலவு என்று திட்டமிடுகிறார்கள். கதையில் வரும் வரிசையில் யாரும் ஷூட் செய்வதில்லை. ஒரே வீட்டில் நடக்கும் 2-வது சீனையும் 14-வது சீனையும் ஒரே நாளில் எடுத்து முடித்தால்தான் வாடகை கட்டுப்படியாகும். யார், எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்று முந்தைய நாளே அனுப்பும் தாள்தான் 'கால்ஷீட்'. இதைச் சரியாகப் போடத் தெரிந்தவருக்கு அசிஸ்டண்ட் டைரக்டராகவோ புரொடக்‌ஷன் பிரிவிலோ வேலைக்கு வாய்ப்பு அதிகம்.

ஷூட்டிங்கில் கற்பது என்ன?

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட், மலிவு விலை எல்.இ.டி. விளக்குகள் பலவும் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 60-ல் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் திரையில் கோடுகள் ஓடும். 50-ல் ஒரு பங்கு வைத்தால் ஓடாது. வீட்டில் ஒருவர் தனியாக எடுக்கும்போது இது சின்னத் தொந்தரவு. வாடகைக்கு எடுத்த இடத்தில் 15 பேர் காத்திருக்கும்போது இது தெரியாமல் போனால் ஒருநாள் ஷூட்டிங்கே வீண்.

ஒலியும் அப்படித்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஆடியன்ஸ் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்யும்போது கிளாப் அடிப்பது, பலகை மூடும் காட்சியையும் அந்தச் சத்தத்தையும் பிறகு பொருத்துவதற்காக. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் யாரும் பேசாமல் நின்று அந்த அறையின் அமைதியையே பதிவு செய்வதும் உண்டு. எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே விழும் ஓட்டையை அடைக்க அதுதான் உதவும்.

எடிட் மேஜையில் தெரியும் உண்மை

முதல் பாடம் எடிட்டிங் கிடையாது, பேக்கப். மெமரி கார்டில் உள்ளதை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். அவசரத்தில் அழித்துவிட்டால் நடிகர், லொகேஷன், வெளிச்சம் என எல்லாவற்றையும் மறுபடி திரட்ட வேண்டும்.

பிறகுதான் 'ரிவ்யூ'. வகுப்பே உட்கார்ந்து பார்க்கும்போது, பத்து நிமிடப் படத்தில் மூன்று நிமிடம் தேவையே இல்லை என்பது எடுத்தவருக்கே புரியும். "அந்த ஷாட்டுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டோம் சார்" என்பது அங்கே செல்லாது. கஷ்டப்பட்டு எடுத்ததை வெட்டக் கற்றுக்கொள்வதுதான் கோர்ஸின் கடினமான பாடம்.

கன்டென்ட் கோர்ஸ் தனியா?

யூடியூப், ரீல்ஸுக்கான கோர்ஸ்களில் செங்குத்து ஃபிரேம், முதல் சில விநாடிகளிலேயே விஷயத்துக்கு வருவது, தலைப்பு, தம்ப்நெயில் போன்றவை சேர்கின்றன. ஆனால் ஸ்கிரிப்ட், ஒலி, எடிட்டிங் என்ற அடிப்படை ஒன்றுதான்.

பலர் கோட்டைவிடுவது காப்புரிமையில். "பத்து செகண்ட் பாட்டுன்னா பிரச்சனை இல்ல" என்பது தவறான நம்பிக்கை. இத்தனை விநாடி வரை இலவசம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலே முடக்கப்படலாம். இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்காத கன்டென்ட் கோர்ஸ் அரைகுறைதான்.

எங்கெல்லாம் படிக்கலாம்?

மத்திய அரசின் கீழ் புனேவில் 1960-ல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியும், கொல்கத்தாவில் 1995-ல் தொடங்கப்பட்ட சத்யஜித் ரே கல்லூரியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. இயக்குநர் பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர்.

தமிழ்நாட்டில் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் செயல்படுகிறது. இதன் வரலாறு 1945-ல் தொடங்குகிறது. ஒளிப்பதிவு, இயக்கம், எடிட்டிங், ஒலிப்பதிவு, அனிமேஷன் போன்ற பிரிவுகள் உள்ளன. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இங்கே படித்தவர். 1986-ல் வெளியாகி வெற்றி பெற்ற 'ஊமை விழிகள்', திரைப்படக் கல்லூரி மாணவர்கள் டீமாகச் சேர்ந்து எடுத்த படம்.

படிக்காமல் ஜெயித்தவர்கள் இல்லையா?

நிறைய பேர் இருக்கிறார்கள். மணிரத்னம் படித்தது எம்.பி.ஏ. லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர். கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துவிட்டு, 2012-ல் 'பீட்சா', 2013-ல் 'சூது கவ்வும்' என்று வந்தவர்கள்.

ஆனால் அந்த நிகழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைத்ததைக் கவனிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் படம் முடிக்க வேண்டும், டீம் வேண்டும், நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து விமர்சனம் கேட்க வேண்டும். ஒரு கோர்ஸ் தர வேண்டிய அதே மூன்று விஷயங்கள். வேறு வழியில் இவை கிடைப்பவருக்கு ஃபீஸ் மிச்சம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கோர்ஸ் முடிவதற்குள் ஒரு மாணவர் எத்தனை படத்தில் வேலை செய்வார்? அதில் எத்தனை அவருடைய சொந்தப் படம்? பதில் "ஒண்ணு, அதுவும் குரூப்பா" என்றால் யோசிக்க வேண்டும்.

2. ஷூட்டிங் செலவு ஃபீஸில் அடங்குமா? வாடகை, சாப்பாடு, நடிகர் சம்பளம், ஹார்டு டிஸ்க் எல்லாம் மாணவர் தலையில் விழுந்தால் மொத்தச் செலவு எங்கேயோ போய்விடும்.

3. எத்தனை பேருக்கு ஒரு கேமரா, எத்தனை பேருக்கு ஒரு எடிட் சிஸ்டம்? விளம்பரத்தில் இருக்கும் பிரபலம் வாரம்தோறும் வகுப்பு எடுப்பாரா, ஒருநாள் வந்து கைகாட்டிவிட்டுப் போவாரா?

4. தருவது பட்டமா, டிப்ளமோவா, வெறும் சான்றிதழா? பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்குத்தான் உண்டு. தனியார் நிறுவனம் 'டிகிரி' என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

5. மாணவர் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? நிறுவனமே தயாரிப்பாளர் என்றால், விழாக்களுக்கு அனுப்பவும் யூடியூபில் ஏற்றவும் அனுமதி தேவைப்படலாம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே கையெழுத்து போட வேண்டும்.

முடிந்த பேட்ச் மாணவர்கள் இரண்டு பேரிடம் நேரில் பேசுவது இந்த ஐந்தையும்விடப் பயன்தரும்.

முடித்ததும் வேலை கிடைக்குமா?

"100 சதவீத பிளேஸ்மென்ட்" என்ற வாக்குறுதியை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து. சினிமாவில் பெரும்பாலான வேலைகள் படத்துக்குப் படம் பேசப்படுபவை. மாதச் சம்பளம் வேண்டும் என்றால் டிவி சேனல், விளம்பர நிறுவனம், டிஜிட்டல் மீடியா பக்கம் வாய்ப்பு அதிகம். பெரிய படங்களில் வேலை செய்ய, ஃபெப்சியில் இணைந்த அந்தந்தத் துறைச் சங்கத்தின் கார்டு கேட்பார்கள். கோர்ஸ் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக அது தானாக வந்துவிடாது.

இன்டர்வியூவில் முதலில் வரும் கேள்வி "என்ன பண்ணியிருக்கீங்க, காட்டுங்க" என்பதுதான். அப்போது காட்ட மூன்று நிமிடமாவது உருப்படியான வேலை கையில் இருக்க வேண்டும். கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.