விசை: சொல்லும் பொருளும்

'விசை' என்ற சொல் இயற்பியல் நூல்களுக்குள் வருமுன் நெடுங்காலம் வேகத்தையும் துள்ளலையும் குறித்தது. குறுந்தொகையின் 74ஆம் பாடல், வானளாவ நிமிரும் பச்சை மூங்கிலுக்கு அவிழ்த்துவிட்ட குதிரையின் 'விசைப்பை' உவமை சொல்கிறது. வளைத்த கழையைக் கைவிட்டதும் அது சட்டென்று மேலெழுகிறதே, அந்த எழுச்சிதான் விசைப்பு. இந்த உவமையின் அழகாலேயே அதைப் பாடியவருக்கு விட்டகுதிரையார் என்ற பெயர் நிலைத்தது. துப்பாக்கியில் சுடுவதற்கு இழுக்கும் உறுப்பும் விசைதான். விசைத்தறி, விசைப்படகு என்னும்போது இயந்திரத்தால் இயங்குவது என்று பொருள். 'விசையாக ஓடினான்' என்றால் வேகமாக ஓடினான் என்பதே.

இலத்தீன் மொழியிலும் இதே கலப்பு இருந்தது. 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' நூலில், வெளியிலிருந்து பொருளின்மீது செயல்படுவதை மட்டுமல்லாமல், பொருள் தன் நிலையிலேயே தொடர முயலும் இயல்பையும் நியூட்டன் 'வீஸ்' என்ற ஒரே சொல்லால் குறித்தார். பின்னது இன்று நிலைமம் என்று தனியே நிற்கிறது. ஆற்றல் என்னும் கருத்து விசையிலிருந்து தெளிவாகப் பிரிய 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

இன்றைய வரையறைப்படி, பொருளின் ஓய்வு நிலையையோ சீரான நேர்க்கோட்டு இயக்கத்தையோ மாற்றுவது, அல்லது மாற்ற முயல்வது விசை. அதற்கு அளவும் திசையும் உண்டு. 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளுக்கு 1 மீ/வி² முடுக்கம் தரும் விசை 1 நியூட்டன். அலகுக்கு இந்தப் பெயர் 1948இல் ஏற்கப்பட்டது.

போட்டித் தேர்வுகளில் மாணவரைத் தடுமாறச் செய்வது வேகம் என்ற பழைய பொருளே. 100 கிராம் பந்து ஒன்று மேல்நோக்கி எறியப்படுகிறது. அது ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசை எது? வேகம் இருக்கும் இடத்தில் விசையும் இருக்கும் என்று எண்ணுபவர் 'மேல்நோக்கிய விசை' என்று குறித்துவிடுவார். கையை விட்டகன்ற கணமே எறிந்த விசை முடிந்துவிட்டது. காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எஞ்சுவது புவியீர்ப்பு ஒன்றே: கீழ்நோக்கி, ஏறத்தாழ 1 நியூட்டன். உச்சியில் திசைவேகம் சுழியாகும்போதும் அந்த விசை குறைவதில்லை.

தரையில் நகரும் பொருளிலும் இதே கவனம் தேவை. 2 கிலோகிராம் பெட்டியை 10 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளும்போது உராய்வு 4 நியூட்டன் என்றால், நிகர விசை 6 நியூட்டன், முடுக்கம் 3 மீ/வி². தள்ளும் விசையை 4 நியூட்டனாகக் குறைத்தால் பெட்டி நின்றுவிடாது. அந்த நேரத்தில் பெற்றிருந்த திசைவேகத்திலேயே சீராகச் செல்லும். நிகர விசை சுழி என்றதும் 'ஓய்வு' என்று விடையெழுதுவது மிகப் பரவலான பிழை.

தமிழ்நாட்டு நூல்களிலும் இலங்கை நூல்களிலும் விசை, உந்தம் என்னும் சொற்கள் மாறுவதில்லை. வேறு சில சொற்கள் வேறுபடுகின்றன. இங்கே முடுக்கம், அங்கே ஆர்முடுகல். இங்கே திசையில்லாத அளவு வேகம், திசையுள்ளது திசைவேகம். அங்கே முறையே கதி, வேகம். இலங்கை வினாத்தாள்களையும் எடுத்துப் பயிலும் தமிழ்நாட்டு மாணவர், அவற்றில் 'வேகம்' என்று கண்டால் திசையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.