ஆர்க்காட்டு வெள்ளி ரூபாய்

பூவிருந்தவல்லியில் வாழ்ந்த என் பாட்டியார் தமது மரப்பெட்டியில் ஐந்து வெள்ளி நாணயங்களைப் பேணி வைத்திருந்தார். 'நவாபு காசு' என்பது அவற்றுக்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர். அத்தையின் திருமணத்தின்போது நான்கு காசுகள் தட்டாரின் உலையில் உருகிக் கொலுசாயின. எஞ்சிய ஒன்று என் கைக்கு வந்தது. அதனைப் படித்தறிய முற்பட்டபோதுதான், அந்தப் பெயரே பிழையென்று தெரிந்தது.

காசின்மேல் பாரசீக எழுத்தில் உள்ள பெயர் ஆர்க்காட்டு நவாபினுடையதன்று. டில்லியிலிருந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீருடையது. ஹிஜிரி 1172 என்றும், ஆட்சியாண்டு 6 என்றும், அடித்த ஊர் ஆர்க்காடு என்றும் காண்கிறது. ஆனால் எழுத்துகளிடையே சிறு தாமரை ஒன்று பூத்திருக்கிறதே, அது யாருடையது? சென்னையில் காசடித்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் குறி அது! பிறை இருப்பின் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருடையது. பிரெஞ்சுக்காரர் 1736இலும் ஆங்கிலேயர் 1742இலும் இவ்வகை ரூபாயை அடிக்கும் உரிமை பெற்றனர். கடல் கடந்து வந்த வணிகர் தம் பெயரைப் பொறித்தால் சந்தையில் எவர் வாங்குவர்? எனவே மக்கள் அறிந்த பேரரசர் பெயரையே பொறித்தனர்.

ஆலம்கீர் 1759இல் கொலையுண்டு மாண்டார். எனினும் அவர் பெயரும் 1172 என்னும் ஆண்டும் மாளவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தால் செம்மையாக அடித்த காசுகளிலும் அவையே உள்ளன. என் காசும் அத்தகையதே. பொறித்த ஆண்டை நம்பி அதன் வயதைக் கணித்த நான் அரை நூற்றாண்டு பிழைபட்டேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? நம் துணிகளை வாங்கப் போதிய சரக்கில்லாத ஐரோப்பியர், அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியைக் கப்பலேற்றி வந்தனர். 1808ஐ ஒட்டிச் சென்னையில் வெளியான அரை வராகன் வெள்ளிக் காசில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும் உள்ளன. ஸ்பானிய நாணயத்தின்மேலேயே இவற்றை அடித்தனராதலால், சில காசுகளில் திருமாலின் கீழே ஸ்பானிய அரசரின் எழுத்துகள் இன்றும் மங்கலாய்த் தெரியும்.

செங்கற்பட்டுச் சீமை 1763இல் நவாபு முகம்மது அலியால் கம்பெனிக்கு ஜாகீராயிற்று. அதன்பின் எங்கள் ஊர்ப்பக்கத்து உழவரிடம் தீர்வை வாங்கிய கையும் காசடித்த கையும் ஒன்றே. காசின்மேல் இருந்த பெயர் மட்டும் வேறு. 1835இல் நான்காம் வில்லியம் அரசரின் தலை பொறித்த ஒரே ரூபாய் கம்பெனி நாடெங்கும் சட்டமாயிற்று. ஆலம்கீரின் பெயர் அன்றுதான் ஓய்ந்தது.

என் காசின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு உண்டு. வெள்ளியின் தரம் சோதித்த சராப்பு ஒருவர் இட்டதாகலாம். அவர் எந்த அரசரையும் நம்பவில்லை போலும்!