ரைத்து பஜார்: விவசாயியும் நுகர்வோரும் நேருக்கு நேர் சந்திக்கும் சந்தை

இடைத்தரகர் இன்றி, விளைவித்தவரே தமது காய்கறிகளை நுகர்வோரிடம் நேரடியாக விற்பதற்காக ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டவை 'ரைத்து பஜார்' எனப்படும் விவசாயிகள் சந்தைகள். தெலுங்கில் 'ரைத்து' என்றால் விவசாயி. 2014-ல் மாநிலம் பிரிக்கப்பட்ட பிறகும் ஆந்திரம், தெலங்கானா ஆகிய இரு மாநிலங்களிலும் இச்சந்தைகள் தொடர்ந்து இயங்கி வருகின்றன. ஐதராபாத்தின் மெஹதிப்பட்டினம், எர்ரகட்டா, கூகட்பள்ளி ஆகிய இடங்களிலும், விசாகப்பட்டினத்தின் எம்.வி.பி. காலனி, சீதம்மதாரா ஆகிய இடங்களிலும் உள்ள சந்தைகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

தேவை ஏன் எழுந்தது?

காய்கறிகள் வயலிலிருந்து வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளூர் வியாபாரி, கமிஷன் ஏஜென்ட், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எனப் பலரது கைகள் மாறுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றுக்கூலி, வாகன வாடகை, கழிவு, லாபம் ஆகியவை விலையில் சேர்கின்றன. அழுகும் பொருள் என்பதால், கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஊர் திரும்புவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி இருப்பதில்லை.

இந்த இடைவெளியின் அளவை, ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று காட்டுகிறது. அதன்படி, நுகர்வோர் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் தக்காளி விவசாயிக்குச் சுமார் 33 ரூபாயும், வெங்காய விவசாயிக்கு 36 ரூபாயும், உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 ரூபாயும் மட்டுமே சென்று சேர்கின்றன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் விவசாயிகளில் சுமார் 86 சதவீதத்தினர் 2 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் உடைய சிறு, குறு விவசாயிகள். சில கூடை கத்தரிக்காயையும் சில கட்டு கீரையையும் கொண்டுவரும் அவர்களால், பெரிய மொத்தச் சந்தைகளில் விலை பேச இயலுவதில்லை.

தொடக்கம்

விவசாயி நேரடியாக விற்கும் சந்தையை அரசே அமைத்துத் தரும் முயற்சியில் பஞ்சாப் முன்னோடியாக விளங்கியது. அங்கு 1987-ல் 'அப்னி மண்டி' தொடங்கப்பட்டது. 'நமது சந்தை' என்பது அதன் பொருள். பின்னர் 1999 ஜனவரி 26 அன்று, சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ரைத்து பஜார் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்டது.

எவ்வாறு இயங்குகிறது?

ரைத்து பஜாரில் எவர் வேண்டுமானாலும் கடை விரித்துவிட இயலாது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் காய்கறி பயிரிடுவோரை வருவாய், வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் கண்டறிந்து, நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பின்னர் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அட்டை பெற்றவருக்கு விற்பனை இடமும் தராசும் அளிக்கப்படுகின்றன. கமிஷன் பிடித்தம் கிடையாது. சந்தையின் அன்றாட நிர்வாகத்தை எஸ்டேட் அதிகாரி கவனிக்கிறார்.

அப்பகுதியில் விளையாத உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றையும் மளிகைப் பொருட்களையும் விற்க மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளிட்டோருக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. வீட்டுக்குத் தேவையானவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் நுகர்வோர் மீண்டும் வருவர் என்பதே இதன் காரணம்.

விலை ஒவ்வொரு நாளும் காலையில் நிர்ணயிக்கப்படுகிறது. மொத்தச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவும், வெளிக்கடைகளின் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை. தமிழ்நாட்டின் உழவர் சந்தைகளிலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. முடிவான விலை அனைவரும் காணும் வகையில் பலகையில் எழுதி வைக்கப்படுகிறது. இதனால் கூடுதல் வருவாய் விவசாயிக்கும், சேமிப்பு நுகர்வோருக்கும் பகிர்ந்து கிடைக்கிறது.

நெருக்கடிக் காலங்களில்

இச்சந்தைகளின் பயன் நெருக்கடிக் காலங்களில் மேலும் தெளிவாக வெளிப்பட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, நெரிசலைத் தவிர்க்க விஜயவாடா, விசாகப்பட்டினம் உள்ளிட்ட நகரங்களில் ரைத்து பஜார்கள் திறந்தவெளித் திடல்களுக்கு மாற்றப்பட்டன. ஐதராபாத்தில் நடமாடும் ரைத்து பஜார் வாகனங்கள் குடியிருப்புப் பகுதிகளுக்கே காய்கறிகளைக் கொண்டு சென்றன. 2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, ஆந்திர அரசு தக்காளியைக் கொள்முதல் செய்து ரைத்து பஜார்கள் வழியாகக் கிலோ 50 ரூபாய்க்கு விற்றது. விற்பனை மையங்களில் நீண்ட வரிசைகள் காணப்பட்டன.

விலையைக் கடந்த உறவு

நாள்தோறும் ஒரே இடத்தில் அமரும் விற்பனையாளருக்கும், வாரந்தோறும் வரும் வாடிக்கையாளருக்கும் இடையே அறிமுகம் உருவாகிறது. புளிச்சகீரை எந்த ஊரில் விளைந்தது, இந்த மழைக்குக் கோவைக்காய் தாங்குமா, அடுத்த வாரம் வெண்டை வருமா என்பன போன்ற கேள்விகளுக்கு விளைவித்தவரே விடை கூறுகிறார். முற்றிய காயைக் கலந்து விற்றால், மறுமுறை அதே முகத்தைச் சந்திக்க நேரிடும். தரத்தைக் காப்பதில் இந்த அறிமுகத்துக்கும் பங்கு உண்டு. பல குடும்பங்களில் வயல் வேலையுடன் விற்பனையையும் பெண்களே மேற்கொள்வதால், வருவாய் நேரடியாக அவர்கள் கைக்கு வருகிறது.

எதிர்கொள்ளும் சவால்கள்

விவசாயிகளின் பெயரில் வியாபாரிகள் நுழைவது இச்சந்தைகளுக்கு உள்ள முக்கிய அச்சுறுத்தல். மொத்தச் சந்தையில் வாங்கிய காய்கறி இங்கு விற்கப்பட்டால், இத்திட்டத்தின் நோக்கமே சிதைந்துவிடும். அடையாள அட்டைகளை அவ்வப்போது சரிபார்ப்பதும், அட்டைதாரரின் நிலத்தில் அந்தப் பயிர் உள்ளதா என ஆய்வு செய்வதும் இதனால்தான் அவசியமாகின்றன.

விவசாயிகளின் தரப்பிலும் இடர்ப்பாடுகள் உள்ளன. விடியலுக்கு முன் பறித்து, நகருக்குக் கொண்டு வந்து, விற்று முடியும் வரை காத்திருந்தால் ஒரு நாள் வயல் வேலை தடைபடுகிறது. விற்காமல் எஞ்சியதைப் பாதுகாக்கக் குளிர்பதன வசதி தேவை. நகரிலிருந்து தொலைவில் உள்ள கிராமங்களுக்குப் போக்குவரத்தே பெருந்தடை. கிராமப்புறங்களிலும் நேரடி விற்பனையை வலுப்படுத்த, 22,000 ஊரகச் சந்தைகளை 'கிராமின் வேளாண் சந்தைகளாக' மேம்படுத்தும் திட்டத்தை மத்திய அரசு 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தது.

கட்டடமும் விலைப் பலகையும் மட்டும் ஓர் இடத்தை விவசாயிகள் சந்தையாக ஆக்கிவிடுவதில்லை. விளைவித்தவர் அங்கு அமர்ந்திருப்பதும், அவரைத் தேடி நுகர்வோர் மீண்டும் வருவதும் தொடரும் வரையில்தான் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கும்.