பேனலில் எழுதிய வாட்டும் கூரையில் வரும் வாட்டும்

இன்று கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு.

போன கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பேங்கில் கடன் வாங்கி மொட்டை மாடியில் சோலார் போட்டிருக்கிறார். 540 வாட் பேனல் ஆறு. மொத்தம் 3,240 வாட். போனதும் செல்போனை நீட்டினார். "இங்க பாருடா, உச்சி வெயில்லகூட 2,500-ஐத் தாண்டல. என்னை ஏமாத்திட்டானா?" என்றார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய ஐம்பது வயது என்று தெரிந்தது.

முதலில் ஆரம்பத்தைப் பார்ப்போம். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கான் சோலார் செல்லைச் செய்து காட்டினார்கள். மேலே விழுந்த வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதம் மின்சாரமானது. 1958-ல் வேன்கார்டு 1 செயற்கைக்கோளில் சோலார் செல் வானத்துக்குப் போனது. அங்கே ஏமாற்றுக்கு இடமில்லை. வாங்குபவர் அரசாங்கம், சோதிக்கும் கருவியும் அவர்களிடமே இருந்தது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சோலார் தரைக்கு வந்தது, குழப்பமும் கூடவே வந்தது. எந்த ஊர் வெயிலில் அளப்பது? காலையிலா, மதியத்திலா? ஆளுக்கொரு முறையில் அளந்தால் ஒருவர் சொல்லும் வாட்டும் இன்னொருவர் சொல்லும் வாட்டும் ஒன்றாகுமா? இதைப் பேசித் தீர்க்க 1975-ல் நாசா கிளீவ்லாந்தில் ஒரு பயிலரங்கம் நடத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒரு பொதுக்கணக்கு நிலைபெற்றது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி. இந்த நிலையில் பேனல் எவ்வளவு தருகிறதோ அதுதான் அதன் வாட். அளக்கும் முறைக்கு 1987-லும், பேனல் தரத்துக்கு 1993-லும் உலக மின்தொழில்நுட்ப ஆணையம் தரவிதிகளை வெளியிட்டது.

விதி வந்ததும் எல்லோரும் யோக்கியமாகிவிட்டார்களா? இல்லை. ஜெர்மனியில் 1990-ல் ஆயிரம் கூரைத் திட்டம் தொடங்கியது. அங்கே போட்ட பேனல்களை அளந்தபோது பல பேனல்கள் லேபிளில் சொன்னதைவிடக் குறைவாகவே தந்தன. யாராவது அளந்து பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சாகிபாபாத்தில் உள்ள மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் சோலார் செல்லையும், 1978-ல் பேனலையும் செய்தது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆரோவில்லில், மாத்ரிமந்திர் அருகே ஒரு சோலார் மின்நிலையம் அமைத்தார்கள். 75 வாட் பேனல்கள் 484. பெருக்கிப் பாருங்கள், 36,300 வாட். ஆனால் பழைய காலத்துப் பேனல்களில் "கூட்டல் கழித்தல் 10 சதவீதம்" என்று போடுவது சாதாரணம். அப்படி ஒரு லேபிள் இருந்தால் 75 வாட் பேனல் 67.5 வாட் தந்தாலும் சட்டப்படி சரி! பிறகு போட்டி வந்தது, அளக்கும் கருவிகளும் மலிந்தன. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் கழித்தலையே விட்டுவிட்டு, சொன்னதற்குக் குறையாது என்று எழுதித் தருகின்றன. 2017-ல் மத்திய அரசு, பேனல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது.

சரி, சித்தப்பா கேள்விக்கு என்ன பதில்?

லேபிளில் இருப்பது 25 டிகிரிக் கணக்கு. நம்மூர் கோடையில் பேனல் 65 டிகிரி வரை சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். 3,240 என்பது ஏறக்குறைய 2,790 ஆகும். தூசி, வயர், இன்வெர்ட்டர் சேர்ந்து இன்னும் 10 சதவீதம் எடுத்துக்கொண்டால் 2,500. கணக்கு சரியாக வந்துவிட்டது. ஏமாற்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. "அப்ப வெயில் ஜாஸ்தியானா கரண்ட் கம்மியா?" என்று சித்தப்பா சிரித்தார். வெளிச்சம் கூடினால் லாபம், சூடு கூடினால் நஷ்டம் என்றேன்.

ஆனால் இதோடு விட்டுவிடக் கூடாது. ஐஐடி பம்பாயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் நாடு முழுக்கப் பேனல்களை ஆய்வு செய்தன. சூடான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் தேய்கின்றன என்றும், பெரிய மின்நிலையங்களைவிடச் சின்னக் கூரைகளில் நிலைமை மோசம் என்றும் கண்டன. பெரிய நிலையத்தில் அளக்க இன்ஜினியர் இருக்கிறார். சித்தப்பா மாடியில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே நாமே செய்யக்கூடியவை இவை. பேனலின் பின்னால் உள்ள லேபிளையும் பில்லையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பேனலையும் தொழிற்சாலையில் அளந்த அறிக்கை இருக்கும், அதைக் கேட்டு வாங்கி, சீரியல் நம்பர் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு மதியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட்டுக்கு சுமார் 4 யூனிட் வரவேண்டும். துடைத்த பிறகும் பல நாள் அதைவிட மிகக் குறைந்தால், கருவி வைத்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாட் என்ற எண்ணை நேர்மையாக்கியது விற்றவர்களின் நல்ல மனசு அல்ல. வாங்கியவர்கள் அளந்து பார்த்ததுதான். நாசா செய்ததை, கடன் கட்டும் சித்தப்பாவும் தன் அளவில் செய்யலாம். இப்போது அவர் தினமும் சாயங்காலம் யூனிட்டை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.